பாலாற்றுக் கல்லும் பளபளப்பும்

ஆண்கள் மூன்று பேர் சேர்ந்து ஒரு மெஷினைத் தேர்ந்தெடுப்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். அதற்குப் பிறகு, யாராவது "நல்லா விசாரிச்சுத்தான் வாங்கினோம்" என்று சொன்னால் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். அந்த மூவரில் ஒருவர் என் கணவர். இன்னொருவர் அவருடைய தம்பி. மூன்றாவது ஆள், மெட்ராஸிலிருந்து தோல் பையோடு பஸ்ஸில் வந்து இறங்கிய ஏஜெண்டு. மூவருக்கும் சேர்த்து ஆறு கண்கள் இருந்தன. பளபளப்பைத் தவிர வேறெதையும் அவை பார்த்ததில்லை.

எழுபதுகளின் நடுவில், பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஒரு பட்டறை இருந்தது. அதில் ஒரு கைப்பிரஸ், ஒரு சாணைக்கல், ஒரு பெஞ்சு. கரை டிசைனுக்காக மேலே ஜக்கார்டு பெட்டி வைத்த தறிகளுக்குப் பித்தளைக் கண் செய்வதுதான் எங்கள் தொழில். கண் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, சுண்டுவிரல் நகம் அளவு நீளவாக்கில் ஒரு தகடு. நடுவே ஒரு ஓட்டை. பெட்டியிலிருந்து தொங்கும் கயிற்றில் அந்தத் தகடு கட்டியிருக்கும். அதன் ஓட்டைக்குள் நுழைந்துதான் பாவின் பட்டு இழை, தறியில் நீளவாக்கில் ஓடுகிற இழை, போகும். பெட்டி தூக்கும்போது கண் எழும்பும், கண் எழும்பும்போது இழை எழும்பும். புடவையின் கரையில் மயிலும் அன்னமும் எழும்புவது இப்படித்தான்.

பிரஸ்ஸில் தகட்டை வெட்டி ஓட்டை போட்டால் ஓட்டையின் விளிம்பில் பிசிறு நிற்கும். கண்ணுக்குத் தெரியாது. ஆனால் பட்டு இழைக்கு அது கத்தி. அதில் உரசி உரசி இழை பஞ்சாகும், பிறகு அறுந்து போகும். ஆகவே ஒவ்வொரு கண்ணின் ஓட்டையையும் அரம் போட்டுத் தேய்க்க வேண்டும். அந்த வேலை யார் தலையில் விழுந்தது என்று சொல்லத் தேவையில்லை. "சும்மா உக்காந்துக்கினு செய்யிற வேலைதானே" என்றார் என் கணவர், கல்யாணமான மூன்றாவது மாதம். ஊசி போன்ற ஒரு அரமும், நூலில் உப்புத்தாள் ஒட்டிய ஒரு சரடும் என் கைக்கு வந்தன. சரடை ஓட்டைக்குள் விட்டு முன்னும் பின்னும் இழுக்க வேண்டும். ஒரு கண்ணுக்குப் பத்து இழுப்பு. ஒரு தறிக்கு எத்தனை கண் என்று நான் எண்ணியதில்லை. எண்ணியிருந்தால் அன்றே பிறந்த வீட்டுக்குப் போயிருப்பேன்.

ஆனால் எனக்கு என் சொந்தத் தொழில் ஒன்று இருந்தது. பாவு பிணைப்பது. தறியில் ஒரு பாவு நெய்து முடியும்போது, அதன் ஒவ்வொரு இழையின் வாலோடும் புதுப் பாவின் ஒரு இழையைச் சேர்த்து, விரல் நுனியில் துளி சாம்பல் தொட்டு முறுக்க வேண்டும். முடிச்சு கூடாது. முறுக்கின இடம் தெரியவும் கூடாது. ஆயிரக்கணக்கான இழைகள். பிறந்த வீட்டில் பன்னிரண்டு வயதிலிருந்து அதைச் செய்தவள் நான். எங்கள் பக்கத்துத் தெருக்களில் கல்யாணப் பட்டுக்குப் பாவு ஏற்றினால் முதலில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நான் பிணைத்த பாவில் இழை விட்டுப்போனதாக யாரும் சொன்னதில்லை. சொல்லிக் கொள்வதற்கு வெட்கமில்லை, எனக்கு அதில் கர்வம் உண்டு.

பட்டுக்கு ஒரு குணம். சொரசொரப்பான விரலை அதற்குப் பிடிக்காது. தொட்டதும் மாட்டிக்கொண்டு பிரியும். உப்புத்தாள் சரடு இரண்டு வருஷத்தில் என் கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் தேங்காய் நார் போல ஆக்கிவிட்டது. ராத்திரி விளக்கெண்ணெய் தடவுவேன். காலையில் மறுபடி சரடு. முன்பு ஒரு நாளில் பிணைத்ததற்கு இப்போது ஒன்றரை நாள் ஆனது. கூப்பிடுகிற வீடுகள் குறைந்தன. எனக்கு ஒரு மெஷின் வேண்டும். பட்டறைக்காக அல்ல, என் இரண்டு விரல்களுக்காக. அதை நான் வாய்விட்டுச் சொன்னேன், ஒரு தடவை அல்ல. கணவர் தலையாட்டினார். அவர் தலையாட்டினால் ஒன்றும் நடக்காது என்று அர்த்தம்.

பிறகு நடந்தது. என் விரல்களுக்காக இல்லை. ஜக்கார்டு பெட்டி கட்டித் தரும் ஒருவர், "இனிமே கண்ணெல்லாம் உங்க கிட்டதான், ஆனா மாசத்துக்கு இப்ப குடுக்குறதுல ரெண்டு பங்கு வேணும்" என்று சொல்லிவிட்டார். இரண்டு கையோடு நான் ஒருத்திதான். அப்போதுதான் இந்த வீட்டுக்கு மெஷின் என்ற ஒன்று உலகத்தில் இருப்பது நினைவுக்கு வந்தது.

கொழுந்தனார் பாலிடெக்னிக்கில் ஒன்றரை வருஷம் படித்தவர். மீதி ஒன்றரை வருஷத்தை ஏன் படிக்கவில்லை என்பதற்கு வீட்டில் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். ஆனாலும் எந்திரம் என்று வந்துவிட்டால் அவர் சொல்தான் முடிவு. இங்கிலீஷில் அச்சடித்த காட்லாக் புத்தகங்களை வரவழைத்தார். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அதை உரக்க வாசிப்பார். என் கணவர் கண்ணை மூடிக் கேட்பார். யாருக்கு என்ன புரிந்தது என்று எனக்குத் தெரியாது. படங்களை நான் பார்த்தேன். படமே போதுமாக இருந்தது.

அந்த மெஷினை எங்கள் வீட்டில் குலுக்கு மெஷின் என்றோம். ஒரு தொட்டி, அதன் அடியில் ஸ்பிரிங், அதோடு ஒரு மோட்டார். தொட்டிக்குள் கற்களையும் நாம் செய்த சாமான்களையும் ஒன்றாகக் கொட்டி, கொஞ்சம் தண்ணீர் விட்டு ஓடவிட்டால் தொட்டி கிடுகிடுவென்று அதிரும். கற்கள் சாமான்களின் மேல் உரசிக்கொண்டே சுற்றிவரும். பிசிறு தேய்ந்து போகும். இவ்வளவுதான் சங்கதி. இதைப் புரிந்துகொள்ள ஒன்றரை வருஷப் படிப்பு தேவையில்லை.

மூன்று வகை பேச்சில் அடிபட்டது. ஒன்று, பெரிய வட்டக் கிண்ணம் மாதிரியான மெஷின். ஏஜெண்டு அதை விற்கத்தான் வந்தார். அதற்கு மூன்று ஃபேஸ் கரண்ட் வேண்டும். எங்கள் பட்டறையில் இருந்தது ஒரே ஃபேஸ். அதுவும் சாயங்காலம் தெரு முழுக்க விளக்கு போட்டதும் பல்பு சிவந்துவிடும். விலையைக் கேட்டதும் கணவர் அந்தப் பக்கத்தையே புரட்டிவிட்டார். இரண்டாவது, பஸ் ஸ்டாண்டு பக்கம் வெல்டிங் கடை வைத்திருந்தவர் எண்ணெய் டிரம்மில் செய்து தருகிறேன் என்றது. அது உருளும், அதிராது. எங்கள் கண்கள் மெல்லிசுத் தகடு. டிரம் உருண்டால் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து வளைந்துபோகும். மூன்றாவது, கோயம்புத்தூர்ப் பக்கத்தில் செய்கிற சின்னத் தொட்டி. ஒரு ஃபேஸில் ஓடும். இரண்டு பேர் தூக்கலாம். எங்கள் அளவுக்கு அதுதான் சரி. விலையும் எங்களுக்கு எட்டுகிற விலை.

அவர்களும் அதையேதான் தேர்ந்தெடுத்தார்கள். அதற்காக நான் பாராட்ட வேண்டுமா? காரணத்தைக் கேளுங்கள். அதன் பச்சை பெயிண்ட் என் கணவரின் சைக்கிள் நிறத்தில் இருந்தது. "நமக்கு பச்சை ராசிபா" என்றார். கொழுந்தனார் மோட்டாரின் குதிரைச் சக்தியைப் பற்றி ஏதோ சொன்னார். பக்கத்து வீட்டுக்காரர், கேட்காமலே வந்து, சத்தம் எப்படி என்று விசாரித்தார். தொட்டிக்குள் போடுகிற கல் எப்படிப்பட்டது, அது எங்கள் ஓட்டைக்குள் நுழையுமா என்று ஒருவரும் கேட்கவில்லை. இரண்டு வருஷமாக அந்த ஓட்டைக்குள் சரடு விட்டு இழுத்தவள் காப்பி டம்ளரோடு கதவோரம் நின்றுகொண்டிருந்தேன். என்னிடமும் ஒருவரும் கேட்கவில்லை.

மாதிரிக்கு என்று ஏஜெண்டு எங்கள் கண்களில் ஒரு பிடி அள்ளிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு போனார். அடுத்த வாரம் வந்து அவிழ்த்தார். நியாயமாகச் சொல்ல வேண்டும், ஜொலித்தது. மூன்று பேரும் வாசலுக்குப் போய் வெயிலில் பிடித்துப் பார்த்தார்கள்.

"தங்கம் மாதிரி இருக்குது பாரு" என்றார் கணவர்.

"கோயில் விளக்கு தோத்துடும்ணா" என்றார் தம்பி.

இது எங்கள் ஊருக்கே உள்ள சீக்கு. பட்டை எடுத்தால் வெயிலில் திருப்பி மினுமினுப்பைப் பார்ப்பார்கள். ஜரிகையைத் தேய்த்து மினுமினுப்பைப் பார்ப்பார்கள். வெள்ளிக்கிழமை ஆனால் வீட்டுப் பித்தளையைப் புளி போட்டு விளக்கி மினுமினுப்பைப் பார்ப்பார்கள். மினுக்கினால் சுத்தம், சுத்தமென்றால் நல்லது, நல்லதென்றால் வாங்கு. மாப்பிள்ளை பார்ப்பதும் கிட்டத்தட்ட இதே முறைதான். எனக்கு அனுபவம் உண்டு.

நான் ஒரு கண்ணை எடுத்தேன். பாவு பிணைக்கிறவர்கள் எப்போதும் முந்தானையில் ஒரு பட்டு இழை முடிந்து வைத்திருப்போம். அதைப் பிரித்து, ஓட்டைக்குள் விட்டு மெதுவாக இழுத்தேன். பாதியில் நின்றது. இன்னும் இழுத்தேன். இழை பஞ்சாய் எழுந்தது.

"தம்பி, வெளியதான் பளபளக்குது. உள்ளே பிசிறு அப்படியே இருக்குது."

கொழுந்தனார் சிரித்தார். அந்தச் சிரிப்பை எங்கே படித்தாரோ, அந்தப் பாடத்தில் மட்டும் பாஸ் ஆகியிருப்பார். "அண்ணி, வெளிய இவ்ளோ தேஞ்சது உள்ளே மட்டும் தேயாமலா இருக்கும்? இது மெஷின் விஷயம்."

"சிஸ்டருக்கு நல்ல விவரம்" என்றார் ஏஜெண்டு, பல் தெரிய.

"காப்பி ஆறுது, கொண்டா" என்றார் என் கணவர்.

கொண்டுவந்து வைத்தேன். வாயை மூடிக்கொண்டேன். படட்டும் என்று நினைத்தேன். மனசார நினைத்தேன்.

பணம் கட்டப் போகும்போது ஏஜெண்டு ஒரு விஷயம் சொன்னார். அவர் வாயிலிருந்து வந்த ஒரே உண்மை அதுதான். "கல்லு தனியா வாங்கணும் சார். மாதிரிக்கு நாங்க போட்டது பெரிய கல்லு. உங்க அயிட்டத்துக்குச் சின்னதா, மூணு மூலை கல்லு இருக்கு. கம்பெனியிலேயே செய்யிறது." மற்ற எல்லாவற்றையும் நம்பிய என் கணவர் இதை மட்டும் நம்பவில்லை. ஏமாற்றுகிறான் என்று கண்டுபிடித்துவிட்டாராம். வீட்டுக்கு வந்ததும் அதையே திரும்பத் திரும்பச் சொல்லிச் சிரித்தார். "கல்லுக்கு யாராவது காசு குடுப்பானா? பக்கத்துல பாலாறு எதுக்கு இருக்குது?"

மறுநாள் கொழுந்தனார் சைக்கிளில் இரண்டு சாக்கோடு பாலாற்றுக்குப் போனார். மணல் சலித்து, பயறு அளவில் கூழாங்கல்லாகப் பொறுக்கிக்கொண்டு வந்தார். ஒரு பகல் முழுக்கப் பொறுக்கியிருக்கிறார். முதுகு வெந்துபோய் வந்து நின்றபோது கூட எனக்கு இரக்கம் வரவில்லை. வழுவழுவென்ற கூழாங்கல். அத்தனை வருஷம் ஆறு அதைத் தேய்த்திருக்கிறது. அது இனி எதைத் தேய்க்கும்? அதோடு தண்ணீரில் புளியைக் கரைத்து ஊற்றினார்கள். புளி யார் யோசனை என்பதில் அண்ணனுக்கும் தம்பிக்கும் போட்டி. இரண்டு பேருமே தன் யோசனை என்றார்கள்.

மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி ஓடவிட்டார்கள். சமையலறை அலமாரியில் டம்ளர்கள் நகர்ந்தன. மூன்று மணி நேரம். திறந்து அள்ளினால், அம்மாடி, அந்தப் பளபளப்பு! புளி வேலை செய்யாமல் இருக்குமா? தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. எதிர் வீட்டம்மா குத்துவிளக்கின் உச்சிப் பகுதியைக் கழற்றிக்கொண்டு வந்து, "இதையும் ஒரு சுத்து போட்டுக் குடுப்பா" என்றாள். ஒரு குருக்கள் வீட்டிலிருந்து பஞ்சபாத்திரமும் உத்தரணியும் வந்தன. என் கணவர் பெருமையோடு அதையும் தொட்டிக்குள் போட்டார். பட்டறை இரண்டு நாள் பாத்திரம் விளக்குகிற கடையாக ஓடியது. அவர்கள் இவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததே இல்லை.

யாரும் பார்க்காதபோது நான் பட்டு இழை விட்டுப் பார்த்தேன். முன்பைவிட மோசம். கூழாங்கல் பிசிறை எடுக்கவில்லை, தட்டித் தட்டி ஓட்டைக்குள் மடக்கிவிட்டிருந்தது.

சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்று என்னையே பல தடவை கேட்டிருக்கிறேன். அவர்கள் மூக்கு உடையட்டும் என்று இருந்தது, அது நிஜம். ஆனால் அது மட்டுமில்லை. நான் சொன்னால் சரடு மறுபடியும் என் கைக்கு வரும். மெஷின் வந்த நாளிலிருந்து என்னை யாரும் தேய்க்கச் சொல்லவில்லை. விரல்கள் மெல்ல மெல்ல ஆறிக்கொண்டிருந்தன. எண்ணெய் ஏறத் தொடங்கியிருந்தது. அந்தப் பளபளக்கிற பொய் ஓடுகிறவரை என் விரல்கள் எனக்குத்தான். ஆகவே பேசாமல் இருந்தேன். கண்கள் டப்பா டப்பாவாக ஜக்கார்டு பெட்டிக்காரருக்குப் போயின.

ஒரு மாதம் கழித்துப் பக்கத்துத் தெரு நெசவாளர் ஒருவர் ஆள் அனுப்பினார். என் பிறந்த வீட்டுக்கும் பழக்கமானவர், நான் மாமா என்று கூப்பிடுவேன். தன் தறிக்குப் புதிதாகப் பெட்டி வைத்திருந்தார். புதுக் கண்களில் பழைய பாவின் மிச்ச இழைகளைக் கோத்து முடித்தாகிவிட்டது, இனி அதன் வாலில் புதுப் பாவைப் பிணைக்க வேண்டும். ஒரு கல்யாண வீட்டுக்கான புடவை. பல மாதங்களுக்குப் பிறகு முதலில் என்னைக் கூப்பிட்டிருக்கிறார். ஓடினேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

தறிக்குள் இறங்கி உட்கார்ந்து தலையை நிமிர்த்தினேன். எதிரே வரிசை வரிசையாக எங்கள் கண்கள். ஜன்னல் வெளிச்சத்தில் ஜொலித்தன. பாலாற்றுக் கல் பளபளப்பு. எனக்குத் தெரியாதா அது?

அப்போதாவது சொல்லியிருக்கலாம். "மாமா, இந்தக் கண்ணைக் கழட்டிடுங்க" என்று ஒரு வார்த்தை. அவருக்கு மூன்று நாள் வேலை வீணாகும், அவ்வளவுதான். ஆனால் எனக்குள் வேறு படம் ஓடிக்கொண்டிருந்தது. கண் அறுக்கும். மாமா பெட்டிக்காரரிடம் போவார். பெட்டிக்காரர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று கத்துவார். கொழுந்தனார் முகத்தில் அந்தச் சிரிப்பு எப்படி இருக்கும்? என் கணவர் அப்போது என்ன சொல்லிக் காப்பி கேட்பார்? அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே சாம்பலைத் தொட்டேன். பிணைத்தேன். நன்றாகவே பிணைத்தேன். விரல் இன்னும் முழுக்க ஆறவில்லை, ஆனாலும் ஒரு இழையும் மாட்டவில்லை. இரண்டு நாளில் முடித்துவிட்டு, வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு தலை நிமிர்ந்து வீட்டுக்கு வந்தேன்.

மூன்றாம் நாள் காலையில் ஆள் வந்தது. போனேன். மாமா தறிக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். பாவை முன்னுக்கு இழுத்திருக்கிறார்கள். பிணைத்த இடம் கண்ணைத் தாண்டும்போது கொத்துக் கொத்தாக விட்டுப்போயிருந்தது. கரைப் பக்கம் முழுக்க இழைகள் அறுந்து தொங்கின. அவருடைய மனைவி அவற்றைச் சீப்பு போட்ட தலைமுடி மாதிரி ஒதுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"கையைக் காட்டும்மா" என்றார்.

காட்டினேன். கட்டைவிரலைத் தன் விரலால் தடவிப் பார்த்தார். அதில் பழைய தழும்பு இன்னும் கொஞ்சம் சொரசொரத்தது.

"உன் மேல தப்பு இல்ல. அரம் புடிக்கிற கையாப் போச்சு. இந்தக் கைக்கு இனிமே பட்டு வராதும்மா. நான் பிள்ளையார்பாளையத்துலேர்ந்து வேற ஆளை இட்டாந்து பிணைச்சுக்கிறேன்."

என் வாழ்க்கையில் என்னை அவ்வளவு அவமானப்படுத்தியவர் வேறு யாரும் இல்லை, அதுவும் அத்தனை அன்பாக. என் பிணைப்பா விட்டுப்போனது? நான் பிணைத்த இழையா? முந்தானையைப் பிரித்துப் பட்டு இழையை எடுத்தேன். கோக்காமல் மிச்சம் தொங்கிக்கொண்டிருந்த ஒரு கண்ணைப் பிடித்தேன். இழையை உள்ளே விட்டு அவர் கண்ணெதிரில் இழுத்தேன். நின்றது. இழுத்தேன். பஞ்சாகி, அறுந்தது.

"பிணைச்சது சரியாத்தான் இருக்குது மாமா. கண்ணு அறுக்குது. உள்ளே பிசிறு. எங்க வேணாலும் பாருங்க."

அவர் வாங்கி, வேறு ஒரு கண்ணில் தானே விட்டுப் பார்த்தார். இன்னொன்றில் பார்த்தார். மூன்றாவதில் பார்த்தார். நான் ஜெயித்துவிட்டேன் என்று நின்றிருந்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்: அந்த நிமிஷம் எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது.

"இது உங்க பட்டறைக் கண்ணுதானே?"

"ஆமா."

"உனக்கு எப்பத் தெரியும்?"

இப்போதுதான் தெரிந்தது என்று சொல்லியிருக்கலாம். அவர் நம்பியிருப்பார். ஆனால் என் கையில் குறை சொன்ன மனிதரிடம், எனக்கு விவரம் போதாது என்றும் ஒப்புக்கொள்ள என்னால் முடியவில்லை. எனக்குத் தெரியாமல் இருக்குமா? இந்த ஊரில் அது தெரிந்த ஒரே ஆள் நான்தானே?

"முன்னயே தெரியும்" என்றேன்.

"இங்க வந்து உக்காந்து பிணைக்கும்போதா?"

"அதுக்கும் முன்ன."

அவர் அந்த இழையைச் சுருட்டி என் கையில் கொடுத்தார். அவருடைய மனைவி அறுந்த இழைகளை விட்டுவிட்டு உள்ளே போனாள். "சரிம்மா, நீ கௌம்பு" என்றார். அவ்வளவுதான்.

பெட்டிக்காரர் எங்கள் வாசலில் வந்து கத்தினார். நான் மனசுக்குள் பார்த்த படம் அப்படியே நடந்தது. கொழுந்தனார் சிரிக்கவில்லை. கணவர் காப்பி கேட்கவில்லை. நான் அதை ரசிக்கவும் இல்லை. அவர் போன பிறகு, "நாளைக்கு மெட்ராஸ் போறேன், கல்லு வாங்க. நானே பாத்து வாங்குறேன்" என்றேன். யாரும் மறுக்கவில்லை. கொழுந்தனார் பை தூக்கிக்கொண்டு கூடவே வந்தார்.

கடையில் அந்த ஏஜெண்டு "வாங்க சிஸ்டர்" என்றார். நான் முறைத்த முறைப்பில் அடுத்த "சிஸ்டர்" வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது. கல் தட்டுகளை வரிசையாக வைக்கச் சொன்னேன். எங்கள் கண் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கல்லாக அதன் ஓட்டையில் போட்டுப் பார்த்தேன். ஓட்டை அளவே இருந்தால் மாட்டிக்கொள்ளும். பெரிதாக இருந்தால் வெளியே மட்டும் மினுக்கும். தாராளமாக உள்ளே போய் மறுபக்கம் விழ வேண்டும், ஆனாலும் மூலை இருக்க வேண்டும். மூலையை நகத்தில் தேய்த்துப் பார்த்தேன், நகத்தில் கோடு விழுந்தது. அதையே ஒரு மூட்டை எடுக்கச் சொன்னேன். அரை மணி நேர வேலை. மூன்று ஆண்கள் இரண்டு மாதம் செய்யாத வேலை.

அந்தக் கல் போட்டதும் மெஷின் தன் வேலையைச் செய்தது. பளபளப்பு வரவில்லை, கண்கள் மங்கலாக, பால் ஊற்றிய மாதிரி வெளுத்து வந்தன. என் கணவருக்கு அது பிடிக்கவே இல்லை. "என்னா இது, செத்த கண்ணு மாதிரி இருக்குது" என்றார். இழை விட்டேன். தண்ணீரில் விட்ட மாதிரி போனது. பெட்டிக்காரர் திரும்பி வந்தார். மாமாவின் தறிக்கும் கண் முழுவதையும் மாற்றிக் கொடுத்தோம். பாலாற்றுக் கல் இரண்டு சாக்கும் வெகு காலம் கொல்லையில் கிடந்தது. துவைக்கிற கல்லைச் சுற்றிச் சேறாகாமல் இருக்க அதைக் கொட்டினேன். அதற்குத்தான் லாயக்கு.

சரடையும் ஊசி அரத்தையும் தூக்கிப் போட்டேன். எட்டு மாதத்தில் என் விரல்கள் ஆறின. கட்டைவிரல் மறுபடியும் மெழுகு மாதிரி ஆனது. ஒரு நாள் மத்தியானம் தனியாக உட்கார்ந்து, ஒரு பிரி பட்டு இழையை இரண்டு விரலுக்கு நடுவே முழு நீளத்துக்கும் இழுத்துப் பார்த்தேன். எங்குமே மாட்டவில்லை. சாம்பல் டப்பாவைக் கழுவி, புதிதாகச் சலித்த சாம்பலை நிரப்பி வைத்தேன். அந்த வருஷம் தை மாதத்தில் பக்கத்துத் தெருவில் மட்டும் நான்கு வீட்டில் கல்யாணப் பாவு ஏற்றினார்கள். நான்கையும் பிணைக்கப் பிள்ளையார்பாளையத்துக்காரி எங்கள் வாசல் வழியாகத்தான் போய் வந்தாள். மாமாவையும் கோயில் தெருவில் இரண்டு தடவை எதிரில் பார்த்தேன். "நல்லா இருக்கியாம்மா?" என்று கேட்டார். என் விரல்களைக் காட்டச் சொல்லிக் கேட்கவில்லை.